முந்திக்கொண்டவள்

லாபிஸ் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் பாதையில் செம்பனை மரங்கள் எங்கே முடிந்தனவோ அங்கேயே தார் ரோடும் முடிந்தது. அதற்கப்புறம் செம்மண். லோரியின் முன் சீட்டில் ஐந்து வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பியாட்ரிஸ், கைப்பேசியில் கடைசிக் கோடும் மறைவதைப் பார்த்தாள்.

"இங்க லைன் கிடைக்காதா?"

"கொடிக்கால் முனையில நின்னா கொஞ்சம் கிடைக்கும்" என்றான் கணவன் ரூபேந்திரன். "பழகிடும் லா."

அவன் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு இருந்தது. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் இருட்டோடு மோட்டார் சைக்கிளை எடுத்துப் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறவன். பிள்ளை விழித்திருக்கும்போது அவன் அவளைப் பார்த்ததே குறைவு. தாய்மாமன் இறந்து, பாரிட் மெலாத்தி என்ற சிற்றூரில் இருந்த வெற்றிலைக் கொடிக்கால் அவனுக்கு வந்தபோது ஒரு கணம்கூட யோசிக்காமல் வேலையை விட்டுவிட்டான்.

வீடு பலகை வீடு. சிமெண்டுத் தூண்களின் மேல் நின்றது. சமையல்கட்டுக் கதவைத் திறந்தால் நாலு எட்டில் கொடிக்கால். ஆள் உயரத்துக்கு மேல் கழிகளில் ஏறிய கொடிகள், வரிசை வரிசையாக; மேலே கறுப்பு வலை. வரிசைகளுக்கு நடுவே பகலிலும் ஒரு பச்சை இருட்டு தேங்கியிருந்தது. உள்ளேயிருந்து வந்த காற்றில் ஈர மண்ணும் இலையின் காரமும் கலந்திருந்தன. அந்த ஊரில் எது நட்டாலும் வளரும் என்று லாபிஸ் சந்தையான பாசாரில் சொல்வார்கள். உடைந்த கழியை மண்ணில் ஊன்றினால் அதுவும் துளிர்க்கும். சுற்றுவட்டாரத்தில் எங்குமே இல்லாத அளவுக்கு அங்கே வெற்றிலை ஒவ்வொன்றும் கையகலம் இருந்தது.

பக்கத்துக் கொடிக்கால்காரர் ஐயாசாமி சாமான் இறக்க வந்தார். ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர். அவருடன் வந்தவள் அவருடைய கடைசித் தங்கை தவமணி. கல்யாணம் ஆகவில்லை. அண்ணனுக்குச் சமைத்துப்போட்டு, அண்ணனோடு இலை கிள்ளியே முப்பத்தெட்டு வயதாகிவிட்டது.

தவமணி ஒரு சாமானையும் தூக்கவில்லை. லோரியிலிருந்து இறங்கிய ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள். பூப்போட்ட திரைச்சீலை. கல்யாணப் படம். பிள்ளையின் ரோஜா நிறச் சைக்கிள். கடைசியாக, ரூபேந்திரனின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மகள் ஏஞ்சலாவைப் பார்த்தாள்.

"எல்லாமே இருக்கு உங்களுக்கு" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பியாட்ரிஸும் சிரித்தாள்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. தவமணி இரண்டு கொடிக்காலிலும் வேலை செய்தாள். அவள் இலை கிள்ளும் சத்தம், டிக், டிக், டிக் என்று ஒரே தாளத்தில் வரிசைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். கிள்ளிய இலைகளைக் காம்பு வெளியே தெரிய அடுக்கிக் கவுளி கட்டுவதில் அவளுக்கு ஈடு யாரும் இல்லை. பியாட்ரிஸ் கட்டிய கவுளி பாசார் போவதற்குள் சரிந்துவிடும்.

"அக்காவோட கையப் பாரு, மிஷின் மாதிரி" என்று ரூபேந்திரன் சொல்லும்போது பியாட்ரிஸுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்று குத்தும். அதை வெளியே காட்ட மாட்டாள்.

தவமணியின் பார்வைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வரச்சொன்னால் வர மாட்டாள். பியாட்ரிஸ் தாளிப்பதை, பிள்ளைக்கு ஊட்டுவதை, கணவனின் சட்டையை உதறி மடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பியாட்ரிஸ் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டாள். அடுத்த வாரமே தவமணியின் முடியும் தோள்வரைதான் இருந்தது. பியாட்ரிஸ் குளுவாங்கில் அம்மா வீட்டுக்குப் போனபோது மஞ்சள் பூப்போட்ட நைட்டி வாங்கிவந்தாள். கொஞ்ச நாளில் அதேபோல் ஒன்று ஐயாசாமி வீட்டுத் துணிக்கயிற்றில் தொங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பியாட்ரிஸுக்குத் தலைவலி. மாதா கோவிலில் பூசை முடியுமுன்பே காரை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். ரூபேந்திரன் கொடிக்காலில் மருந்து தெளித்துக்கொண்டிருந்தான். சமையல்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது.

தரையில் தவமணி உட்கார்ந்திருந்தாள். அவள் உடம்பில் இருந்தது பியாட்ரிஸின் நைட்டி. தோள்பட்டையில் பியாட்ரிஸே போட்ட தையல்கூடத் தெரிந்தது. மடியில் ஏஞ்சலா. தவமணி சோற்றை உருண்டை பிடித்து வாயருகே கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லு. நான் யாரு?"

"அம்மா" என்று ஏஞ்சலா வாயைத் திறந்தாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

பியாட்ரிஸ் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். என்னென்னவோ பேசினாள். கடைசியில் சொன்னது மட்டும் அவளுக்கே நன்றாக நினைவிருக்கிறது.

"உங்களுக்குன்னு ஒன்னு தேடிக்குங்க. அடுத்தவங்க வாழ்க்கையில வந்து உக்காராதீங்க. இனிமே என் வாசல்ல நிக்கக் கூடாது."

தவமணி எழுந்தாள். குளியலறைக்குள் போய்த் தன் துணியை மாற்றினாள். நைட்டியை நான்காக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கொடிக்காலுக்குள் நடந்து போய்விட்டாள்.

அந்த மாதமே அவளுக்கு எலிக் காய்ச்சல் வந்தது. சிகாமட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரூபேந்திரன் இரண்டு தடவை போய்ப் பார்த்தான். பியாட்ரிஸ் போகவில்லை. மூன்றாவது தடவை அவன் கிளம்பிக்கொண்டிருக்கும்போது ஐயாசாமி வந்து, இனிப் போக வேண்டாம் என்றார்.

தவமணியின் கருமாதி முடிந்து சில நாள் கழித்துத்தான் அது ஆரம்பித்தது.

காலையில் பியாட்ரிஸ் இலை அடுக்கப் போனாள். கொட்டகையில் கவுளிகள் கட்டி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மேலே ஈரச் சாக்கு. ஒன்றுகூடச் சரியவில்லை.

"சீக்கிரமே எழுந்திருச்சிட்டீங்களா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"நானா? நீதானே கட்டுனே" என்றான் அவன். "நல்லா கத்துக்கிட்டே."

ஐயாசாமி உதவிக்கு வந்திருப்பார் என்று விட்டுவிட்டாள்.

இன்னொரு நாள் டீ கலக்கி எடுத்துக்கொண்டு போனாள். ரூபேந்திரன் படியில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் காலிக் குவளை.

"இன்னொன்னா? வேணாம் பியா. இப்பதான குடிச்சேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தே பாரு, பிரமாதம்."

அவள் இஞ்சி தட்டவில்லை. அவள் டீயில் எப்போதும் இஞ்சி போடுவதே இல்லை. குவளையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சுட்டது.

பயப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. ஏழு வருஷமாக டீ போட்டுத் தருகிறாள். ஒரு நாளும் அவன் பிரமாதம் என்று சொன்னதில்லை.

பிறகு பிள்ளை. ஏஞ்சலாவுக்குச் சுருட்டை முடி. பியாட்ரிஸ் சீப்பை வைத்தாலே அழுவாள். ஒரு காலை சீப்போடு போனபோது ஏஞ்சலா சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். குளித்த ஈரம் காயாமல், இரட்டைப் பின்னல் ஒழுங்காக, நடுவகிடு நூல் பிடித்தாற்போல்.

"யாரு பின்னிவிட்டா?"

பிள்ளை அவளை விநோதமாகப் பார்த்தாள். "நீங்கதான். வலிக்கவே இல்ல இன்னிக்கு."

அன்றிலிருந்து பியாட்ரிஸ் எதைச் செய்யப் போனாலும் அது ஏற்கெனவே செய்து முடிந்திருந்தது. துணி உலர்ந்து மடித்திருந்தது. அரிசி களைந்திருந்தது. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. எல்லாமே அவள் செய்வதைப் போலவே, ஆனால் அவள் செய்வதைவிடக் கொஞ்சம் நன்றாக. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. சட்டையில் காலர் விறைப்பாக நின்றது.

ரூபேந்திரன் மாறிப்போனான். வீட்டுக்குள் வரும்போதே பாட்டு முணுமுணுத்தான். அவள் சொல்லாத ஏதோ ஒன்றுக்குப் பதிலாகத் தனக்குள் சிரித்தான். "நீ சொன்ன மாதிரி அந்த வரிசைய மாத்திட்டேன்" என்பான். அவள் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். இரவில் அவள் பக்கம் திரும்பிப் படுத்தால், "நீயும் நல்லா உழைக்கிறே, தூங்கு" என்று தட்டிக்கொடுப்பான். அந்தப் பிரியம் வேறு யாருக்கோ உரியது என்று அவளுக்குப் பட்டது. யாரோ சம்பாதித்து வைத்ததை அவள் எடுத்துச் செலவழிப்பது போல இருந்தது.

ஒரு மத்தியானம், வலைக்கு மேல் வெயில் கொதித்துக்கொண்டிருந்தபோது, கொடிக்காலுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

கணவனின் சிரிப்பு. கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பு.

அது அவளுடைய சிரிப்பு.

பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு வரிசை தாண்டி இலைகளுக்கு இடையில் ரூபேந்திரனின் முதுகு தெரிந்தது. அவன் கழியில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே இலைகள் அசைந்தன. ஒரு கை மட்டும் வெளியே வந்து, அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தது. அந்தக் கையில் பியாட்ரிஸின் கல்யாண மோதிரம் இருந்தது.

அவள் தன் விரலைப் பார்த்தாள். மோதிரம் அங்கேயும் இருந்தது.

டிக். டிக். டிக்.

இலை கிள்ளும் சத்தம் வரிசையின் மறுமுனைக்கு நகர்ந்தது. பியாட்ரிஸ் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது ரூபேந்திரன் தனியாக நின்றான்.

"என்ன இப்படி மூச்சு வாங்குது? இப்பதான அந்தப் பக்கம் போனே."

அவனைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கவுளி, டீ, பின்னல், அந்தக் கை. சொல்லச் சொல்ல அவன் முகத்தில் அதிர்ச்சி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவன் பரிதாபமாகத் தலையாட்டினான்.

"தெரியும் பியா."

"என்ன தெரியும்?"

"காலையிலயே சொன்னியே. தூக்கம் சரியில்ல, மத்தியானம் வந்து தவமணி அக்காவப் பத்தி ஏதாச்சும் உளறுவேன், கண்டுக்காதீங்கன்னு. நீதான சொன்னே."

பியாட்ரிஸ் அவனைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

சாயங்காலம் அவள் ஐயாசாமி வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் கழி சீவிக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றதைக் கவனிக்காதவர்போல் இருந்தார். அவருடைய நாய் மட்டும் ஒரு வருஷமாகப் பழகிய அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"மாமா."

நிமிர்ந்தார். அவளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "நீதானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்களும் பாத்தீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "தெனமும் பாக்குறேன். உன் உருவந்தான். ஆனா நடை என் தங்கச்சியோட நடை. இடது கால இழுத்து வெப்பா." கத்தியைக் கீழே வைத்தார். "உசுரோட இருக்கும்போதே, வெளக்கு வெச்சதும் ஜன்னல்ல நின்னு உன் வீட்டையே பாத்துக்கிட்டு இருப்பாம்மா. நான் ஒரு வார்த்த கேட்டதில்ல, என்னா வேணும் உனக்குன்னு. கல்யாணம் காச்சின்னு யாராவது வந்தா, எனக்கு யாரு சோறு போடுவாங்கன்னு நான்தான் தட்டிக்கழிச்சேன்."

"எனக்கு என்ன வழி மாமா?"

"தெரியல. நேரத்துல நீ போய்ச் சேராத எடத்துக்குத்தான் அவ வர்றா. அது மட்டும் பாத்திருக்கேன். முந்திக்கோ."

பியாட்ரிஸ் முந்த ஆரம்பித்தாள். விடியுமுன் எழுந்து டீ போட்டாள். இஞ்சியும் தட்டிப் போட்டாள். பிள்ளை கண் விழிக்கும்போது பக்கத்தில் இருந்தாள். கணவன் கொடிக்காலுக்குப் போகுமுன் அவள் அங்கே நின்றாள். கொஞ்ச நாள் பலித்தது. அடுப்பு அவள் பற்றவைக்கும்வரை குளிர்ந்தே இருந்தது.

ஆனால் மனித உடம்பு எத்தனை நாள் ஓடும்? கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது. சிடுசிடுத்தாள். ரூபேந்திரனை ஊரைவிட்டுப் போகலாம் என்று கெஞ்சினாள். "தீபாவளி வருது, இலைக்கு இப்பத்தான் கிராக்கி. முடியட்டும் போலாம்" என்றான். அவன் அவளைப் பார்க்கும் பார்வையில் ஏமாற்றம் இருந்தது. போன மாதம் எவ்வளவு நன்றாக இருந்தாள் இவள் என்று அவன் நினைப்பது அவளுக்குக் கேட்டது.

அந்த நினைப்புதான் அவளைத் தின்றது. செத்துப்போனவள் இவளாக வாழ்ந்து காட்டிவிட்டுப் போயிருந்தாள். உண்மையான பியாட்ரிஸ் இப்போது அவளுடைய மோசமான நகலாக வீட்டுக்குள் நடமாடினாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மழை விடாமல் பெய்தது. ஏஞ்சலாவை லாபிஸில் பாலர் பள்ளியான தடிக்காவிலிருந்து கூட்டிவரப் போக வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தவள், ஸ்டியரிங்கில் தலை சாய்த்தபடி ஒரு கணம் கண்ணை மூடினாள்.

திடுக்கிட்டு விழித்தபோது எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை.

தடிக்கா வாசலில் ஆசிரியை எலைன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பியாட்ரிஸைப் பார்த்ததும் சாவி கையிலிருந்து நழுவியது.

"அலமாக்! என்ன மறந்துட்டீங்களா? இப்பதானே வந்து ஏஞ்சலாவக் கூட்டிட்டுப் போனீங்க!"

"எதுல போனேன்?"

"நடந்துதான். குடை பிடிச்சுக்கிட்டு. காடி ரிப்பேர்னு சொன்னீங்களே." எலைன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா? அப்ப நல்லா இருந்தீங்களே."

திரும்பும் வழியெல்லாம் பியாட்ரிஸ் சாலையின் இரு ஓரமும் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். செம்பனை மரங்களுக்குக் கீழே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. குடை ஒன்றும் இல்லை. நடக்கிறவர்கள் யாரும் இல்லை. அத்தனை மைல் தூரத்தை அந்த நேரத்துக்குள் யாராலும் நடந்து கடக்க முடியாது.

வீட்டில் ஏஞ்சலாவின் பை ஆணியில் தொங்கியது. சப்பாத்து ஜோடி சேறு போகக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தது. மேசையில் ரூபேந்திரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"புள்ள எங்க?"

"உன்கூடத்தான பின்னால போச்சு" என்றவன், அவள் நனைந்து நின்ற கோலத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். அவள் கையில் கார் சாவி. வாசலில் இஞ்சின் சூட்டில் ஆவி பறக்கும் கார். அவன் தட்டில் அப்போதுதான் பரிமாறிய சோறு. சோற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியது.

அவள் அதற்குள் கொடிக்காலுக்குள் ஓடிவிட்டாள்.

வலையில் மழை இரைந்தது. கீழே துளித்துளியாய்ச் சொட்டியது. வெற்றிலையின் காரம் மூக்கில் ஏறியது. ஒவ்வொரு வரிசையாக எட்டிப் பார்த்தாள். பச்சை இருட்டு. வெறும் மண். பச்சை இருட்டு.

பிறகு ஒரு வரிசையின் கோடியில் இரண்டு முதுகுகள்.

ஒன்று சின்னது. இரட்டைப் பின்னல். இன்னொன்று தோள்வரை வெட்டிய முடி, மஞ்சள் பூப்போட்ட நைட்டி. கையைக் கோத்துக்கொண்டு, அவசரம் இல்லாமல் உள்ளே நடந்துகொண்டிருந்தார்கள். பெரியவள் இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தாள்.

பியாட்ரிஸ் ஓடினாள். தூரம் குறையவில்லை. கழிகள் இருபுறமும் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. கொடிக்கால் அவ்வளவு நீளம் கிடையாது.

"ஏஞ்சலா!"

பிள்ளை மட்டும் திரும்பினாள். பியாட்ரிஸைப் பார்த்தாள். அந்தக் கண்களில் அவளை அடையாளம் தெரிந்ததற்கான எந்தச் சலனமும் இல்லை. பக்கத்தில் இருந்தவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"யாரும்மா அது?"

பியாட்ரிஸ் கால் வழுக்கிச் சேற்றில் விழுந்தாள். கத்தத் தெம்பில்லை. கெட்ட வார்த்தை, செபம், எதுவும் வரவில்லை. வந்தது ஒரு பெயர்.

"தவமணி அக்கா."

அந்த முதுகு நின்றது.

மெல்லத் திரும்பியது. அழுகிய முகமோ ஆஸ்பத்திரி முகமோ இருக்கும் என்று பியாட்ரிஸ் நினைத்திருந்தாள். அது அவள் முகமேதான். கண்ணைச் சுற்றிக் கருவளையம் இல்லை. நெற்றியில் கோடு இல்லை. தூங்கி எழுந்த, யாராலோ நேசிக்கப்படுகிற ஒரு பெண்ணின் முகம். அழகாக இருந்தாள். அந்த நிலையிலும் பியாட்ரிஸுக்கு வயிறு எரிந்தது.

"நல்லா பாத்துக்கிட்டீங்க" என்றாள் பியாட்ரிஸ். "என்னைவிட நல்லா பாத்துக்கிட்டீங்க. எனக்குத் தெரியும். ஆனா இவ என் வயித்துல பொறந்தவ. குடுத்துருங்கக்கா."

எதிரே இருந்த உதடுகள் அசைந்தன. பியாட்ரிஸின் குரலிலேயே, கிசுகிசுப்பாக, ஒரு கேள்வி வந்தது.

"நீ ஏன் எப்பவும் பிந்தியே வர்றே?"

பியாட்ரிஸ் எழுந்து போய்ப் பிள்ளையின் மறு கையைப் பிடித்தாள். இப்போது தூரம் குறைந்திருந்தது. ஒரு நொடி அவளுடைய விரல் அந்த இன்னொரு கையில் பட்டது. அது சில்லென்று இல்லை. அடுப்படியில் இருந்துவிட்டு வந்த கைபோல வெதுவெதுப்பாக இருந்தது.

இருவரும் இழுத்தார்கள்.

ஏஞ்சலா வலியில் அலறினாள். "அம்மா! வலிக்குது!"

எந்த அம்மாவிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அந்தப் பக்கத்துக் கை உடனே விட்டுவிட்டது.

பியாட்ரிஸ் விடவில்லை.

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வரிசை காலியாக இருந்தது. பின்னால் ரூபேந்திரன் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஏஞ்சலா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். சின்ன மணிக்கட்டு ஒன்றில் ஐந்து விரல் தடம் சிவந்து கன்றியிருந்தது. பியாட்ரிஸின் விரல்கள்தான். இன்னொரு மணிக்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

ரூபேந்திரன் வந்து இருவரையும் வீட்டுக்கு அழைத்துப்போனான். தனக்கு யார் சோறு போட்டார்கள் என்பதும், அத்தனை நாள் தான் யாரோடு சிரித்தோம் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே சாமான்களைக் கட்டினான். கொடிக்காலை ஐயாசாமியே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். லோரி புறப்படும்போது ஐயாசாமி வேலியோரம் நின்றார். அவர் கையசைத்தது லோரியைப் பார்த்து இல்லை. அவர்கள் விட்டுவந்த வீட்டின் ஜன்னலைப் பார்த்து.

குளுவாங்கில் பியாட்ரிஸின் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் வாடகை வீடு கிடைத்தது. ரூபேந்திரன் பேருந்து ஓட்டினான். ஏஞ்சலா பள்ளிக்கூடம் சேர்ந்தாள். டீ ஆறினால் ஆறிக் கிடந்தது. துணி அவள் மடிக்கும்வரை குவிந்தே கிடந்தது. அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் பியாட்ரிஸுக்கு நிம்மதியாக இருந்தது.

முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. சில சாயங்காலங்களில் ரூபேந்திரன் டீயைப் பாதி குடித்துவிட்டுக் குவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தூக்கக் கலக்கத்தில் ஏஞ்சலா, "அந்த மாதிரி பின்னிவிடுங்கம்மா" என்பாள். எந்த மாதிரி என்று பியாட்ரிஸ் கேட்டதில்லை. யார் முதலில் கையை விட்டார்கள் என்பதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஒரு சனிக்கிழமை கிளினிக்குக்குப் போனார்கள். மழை வரும்போல் இருந்தது. ரூபேந்திரனும் ஏஞ்சலாவும் காரிலேயே இருந்தார்கள். உள்ளே கூட்டம். சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது பியாட்ரிஸுக்குக் குமட்டியது. கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. தன்னையும் அறியாமல் வயிற்றில் கை வைத்தாள்.

வெளியே வந்து தாதியிடம் கேட்டாள். "என்னைக் கூப்பிட்டீங்களா? பியாட்ரிஸ்."

தாதி நிமிர்ந்தாள். சிநேகமாகச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு மெதுவாகக் கலைந்தது.

"கூப்பிட்டோமே. நீங்கதானே உள்ள போனீங்க. டாக்டர் ஸ்கேன்ல புள்ளையோட துடிப்பக் காட்டினப்ப, சந்தோஷத்துல அழுதீங்களே." தாதி பியாட்ரிஸின் ஈர முகத்தைக் குழப்பத்தோடு பார்த்தாள். "வீட்டுக்காரர் வெளிய இருக்காரு, உடனே சொல்லணும்னு ஓடுனீங்களே, அக்கா."

பியாட்ரிஸ் ஆட்களை இடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மழை அப்போதுதான் பிடித்திருந்தது. கார் நிறுத்துமிடத்தில் சிமெண்டுத் தரை முழுக்க நனைந்து கறுத்துவிட்டது. ரூபேந்திரனின் கார் நின்ற இடம் மட்டும் ஒரு கார் அளவுக்கு வெளுத்து, காய்ந்து கிடந்தது.

அதன் மேல் முதல் துளிகள் விழுந்துகொண்டிருந்தன.